இரண்டு சிசேரியனுக்குப் பிறகு மூன்றாவதைச் சுகப்பிரசவமாக முயலலாமா?

கரிசல்மகள்:

அனைவருக்கும் வணக்கம். கோவில்பட்டிக்கு அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். வயது முப்பத்தொன்று. மூன்றாவது குழந்தைக்கு இப்போது ஆறாவது மாதம் நடக்கிறது. முதல் குழந்தை கடைசி வரை தலை திரும்பாமல் இருந்ததால், வலி வருவதற்கு முன்பே சிசேரியன் செய்தார்கள். இரண்டாவது குழந்தைக்குத் தலை கீழேதான் இருந்தது, எடையும் சரியாக இருந்தது. ஆனாலும் முதல் பிரசவம் ஆபரேஷன் என்பதால் இதுவும் ஆபரேஷன்தான் என்று முதல் மாதத்திலேயே முடிவாகிவிட்டது. வீட்டில் நாளும் நேரமும் குறித்துக் கொடுத்தார்கள், அந்த நேரத்தில் எடுத்தார்கள். இரண்டு பிள்ளைகளைப் பெற்றும் பிரசவ வலி எப்படியிருக்கும் என்று நான் அறிந்ததில்லை.

இரண்டாவது அறுவைக்குப் பிறகு எழுந்து நடமாடப் பட்ட பாட்டை நினைத்தால் மூன்றாவது முறையும் அதே மேஜையில் படுக்கத் தயக்கமாக இருக்கிறது. கணவர் குவைத்தில் இருக்கிறார். வீட்டில் மாமியாரும் நானும் இரண்டு பிள்ளைகளும் மட்டும்தான். நான் காட்டிவரும் தனியார் மருத்துவரிடம் சுகப்பிரசவம் பற்றிக் கேட்டபோது, "இரண்டு தையல் போட்ட கருப்பையில் அந்தப் பேச்சே கூடாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். காரணம் தெரிந்தால் மனம் ஒப்பும் என்பதால் கேட்கிறேன்: இரண்டு சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவத்துக்கு உண்மையிலேயே வழியே இல்லையா, அல்லது இருந்தும் செய்வதில்லையா?

திருச்சிக்காரன்:

சகோதரி, உங்கள் மருத்துவர் சொன்னதைக் கேட்டுக்கொள்ளுங்கள். என் தங்கைக்கு ஒரே ஒரு சிசேரியன்தான் முன்பு நடந்திருந்தது. இரண்டாவது பிரசவத்துக்கு ஒரு சிறிய நர்சிங் ஹோமில் சேர்த்தோம். தேதி தாண்டிவிட்டது என்று வலி வர மாத்திரை வைத்தார்கள். நள்ளிரவில் தையல் விட்டுப்போய்விட்டது. மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் வேறொரு மருத்துவமனையிலிருந்து வந்து சேர வேண்டியிருந்தது. குழந்தை பிழைத்தது, ஆனால் கருப்பையை எடுத்த பிறகுதான் தங்கையைக் காப்பாற்ற முடிந்தது. பத்து மாதம் சுமந்துவிட்டு ஒரு இரவில் எல்லாவற்றையும் பணயம் வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ஓய்வுபெற்ற செவிலி, மதுரை:

தம்பி, உங்கள் தங்கைக்கு நேர்ந்ததைப் படித்து வருந்தினேன். ஆனால் அதில் இரண்டு விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன என்பதை மற்றவர்கள் கவனிக்க வேண்டும். முதலாவது, வலி வர வைத்த மாத்திரை. அது மிசோப்ரோஸ்டாலாக இருந்தால், கருப்பையில் தழும்புள்ள பெண்ணுக்கு நிறைமாதத்தில் அதை வைக்கவே கூடாது என்பதுதான் நாங்கள் பிரசவ அறையில் படித்த முதல் பாடங்களில் ஒன்று. இரண்டாவது, இரவில் மயக்க மருத்துவர் கட்டடத்துக்குள் இல்லாதது. தானாக வந்த வலியோடு, அறுவை அரங்கு பக்கத்தில் திறந்திருக்கும் இடத்தில் முயல்வது வேறு. இந்த இரண்டும் இல்லாமல் முயல்வது வேறு.

கரிசல்மகளுக்கு ஒரு கேள்வி. முந்தைய இரண்டு பிரசவங்களின் டிஸ்சார்ஜ் சம்மரி உங்களிடம் இருக்கிறதா? வயிற்றின் மேல் தெரியும் தழும்பை வைத்து உள்ளே கருப்பையை எப்படி வெட்டினார்கள் என்று சொல்ல முடியாது. தோலில் குறுக்காக இருக்கும், உள்ளே நெடுக்காகவும் இருக்கலாம். எல்.எஸ்.சி.எஸ். என்று எழுதியிருந்தால் கருப்பையின் கீழ்ப்பகுதியில் கீறியிருக்கிறார்கள் என்று பொருள். அதற்கு மேலும் ஏதாவது எழுதியிருக்கிறதா, குறிப்பாகக் கீறல் மேல்நோக்கி நீண்டதாகவோ சிறுநீர்ப்பை ஒட்டியிருந்ததாகவோ குறிப்பு உண்டா என்று பாருங்கள். அந்தத் தாள் இல்லாமல் எந்த மருத்துவரும் உங்களுக்குப் பொறுப்பான பதில் சொல்ல முடியாது.

மகப்பேறு மருத்துவர்:

இந்த மன்றத்தில் நான் யாருக்கும் சிகிச்சை சொல்வதில்லை. ஆனால் கேள்வி தெளிவாகக் கேட்கப்பட்டிருப்பதால், எங்கள் துறையில் அறியப்பட்டவற்றை எழுதுகிறேன்.

ஒரு முறை சிசேரியன் ஆனால் எப்போதும் சிசேரியன்தான் என்ற வாசகம் 1916ஆம் ஆண்டு நியூயார்க்கைச் சேர்ந்த எட்வின் கிராகின் என்ற மருத்துவர் எழுதியதிலிருந்து பரவியது. அக்காலத்தில் கருப்பையின் மேற்பகுதியில் நெடுக்காக வெட்டுவார்கள். சுருங்கி விரியும் தசை அங்கேதான் தடிமனாக இருக்கிறது என்பதால் அடுத்த பிரசவ வலியில் அத்தழும்பு கிழிவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு நான்கிலிருந்து ஒன்பது வரை உண்டு. அத்தகைய கீறல் உள்ளவர்களுக்கு இன்றும் சுகப்பிரசவ முயற்சி கூடாது. கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறும் முறை வழக்கமான பிறகு கணக்கு மாறிவிட்டது, ஆனால் பழைய வாசகம் மட்டும் நம் ஊர் வராண்டாக்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஒரே ஒரு கீழ்ப்பகுதிச் சிசேரியன் ஆனவர்கள் தானாக வலி வந்து முயன்றால், ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத் தழும்பு கிழிகிறது. நான்கில் மூன்று பேருக்குச் சற்றுக் குறைவாகச் சுகப்பிரசவம் ஆகிறது. இரண்டு சிசேரியன் ஆனவர்களைப் பொறுத்தவரை ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவில் 2005இல் வெளியான பெரிய ஆய்வு கிழியும் வாய்ப்பை 1.8 சதவீதம் என்றது, 2006இல் வெளியான மற்றொன்று 0.9 சதவீதம் என்றது. பல ஆய்வுகளைத் தொகுத்த 2010ஆம் ஆண்டுக் கணக்கில் அது 1.36 சதவீதமாகவும், வெற்றி 71 சதவீதமாகவும் வந்தது. இவற்றை வைத்துத்தான் பிரிட்டன், அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்புகள் இரண்டும், தகுந்த பெண்களுக்கு இரண்டு சிசேரியனுக்குப் பிறகும் முயற்சியைப் பரிசீலிக்கலாம் என்கின்றன. ஆகவே அந்தப் பேச்சே கூடாது என்று சொல்ல மருத்துவ நூல் இடம் தரவில்லை.

ஆனால் அந்த 71 என்ற எண்ணை அப்படியே உங்களுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. இத்தகைய ஆய்வுகளில் இடம்பெற்ற பெண்களில் பலருக்கு ஏற்கெனவே ஒரு சுகப்பிரசவமாவது நடந்திருந்தது. அப்படி நடந்தவர்களுக்கு வெற்றி வாய்ப்பு மிக அதிகம். உங்களுக்கு நடந்ததில்லை என்பதால் உங்கள் வாய்ப்பு அதைவிடக் குறைவாகவே இருக்கும். அதே நேரத்தில், உங்கள் முதல் சிசேரியனுக்கான காரணம் குழந்தையின் நிலை மட்டுமே, இடுப்பின் அளவோ வலி முன்னேறாததோ அல்ல. இது உங்களுக்குச் சாதகமான செய்தி. இரண்டாவது சிசேரியனுக்கும் இந்தக் கருவுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று நீங்கள் எழுதவில்லை. முந்தைய பிரசவத்துக்கும் அடுத்த பிரசவத்துக்கும் நடுவே ஒன்றரை ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் கிழியும் வாய்ப்பு கூடுகிறது.

கரிசல்மகள்:

டாக்டர், மிக்க நன்றி. இரண்டாவது மகளுக்கு இப்போது நான்கு வயது நிறைந்துவிட்டது. தாள்களைத் தேடி எடுத்தேன். முதல் சம்மரியில் எல்.எஸ்.சி.எஸ். என்று மட்டும் இருக்கிறது. இரண்டாவதில் கீழ்ப்பகுதிக் குறுக்குக் கீறல் என்றும், மெல்லிய ஒட்டுதல்கள் (பழைய அறுவையால் உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது) விடுவிக்கப்பட்டன என்றும் எழுதியிருக்கிறது. இரண்டாவது அறுவையின் விரிவான குறிப்பைக் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மூன்றாவதோடு போதும் என்று நாங்கள் முடிவு செய்திருப்பதால், ஆபரேஷன் செய்தால் அதோடு குடும்பக் கட்டுப்பாடும் முடிந்துவிடும், ஒரே செலவு என்று மாமியார் சொல்கிறார்கள். அதை மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

சேலம் வாசகி:

எங்கள் பக்கத்திலும் எல்லோரும் சொல்வது அதுதான். 2019–21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். நாடு முழுவதற்குமான சராசரி 21.5தான். முதல் சிசேரியன் இத்தனை பேருக்கு நடந்தால், இரண்டாவது, மூன்றாவது பற்றிய இந்தக் கேள்வி ஒவ்வொரு தெருவிலும் எழத்தான் செய்யும். ஆனாலும் அதைக் கேட்பவர்களைப் பிடிவாதக்காரிகள் போலப் பார்க்கிறார்கள்.

மகப்பேறு மருத்துவர்:

கரிசல்மகளின் மாமியார் சொல்வதைப் புறந்தள்ள வேண்டாம், அதில் ஒரு நியாயம் மறைந்திருக்கிறது. சிசேரியனைத் தவிர்ப்பதால் வரும் பெரிய நன்மைகளில் ஒன்று அடுத்த கருவுக்குத்தான் சேர்கிறது. ஒவ்வொரு சிசேரியனுக்குப் பிறகும் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் வேரூன்றி ஒட்டிக்கொள்ளும் அபாயம் ஏறுகிறது. கருப்பை வாயை நஞ்சுக்கொடி மறைத்திருந்தால், முதல் சிசேரியனின்போது 3 சதவீதமாக இருக்கும் அந்த அபாயம் இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40 என்று உயர்கிறது. நீங்கள் நான்காவது குழந்தை வேண்டும் என்று நினைத்திருந்தால் நான் சுகப்பிரசவத்தின் பக்கம் இன்னும் அழுத்தமாகச் சாய்ந்திருப்பேன். இதுவே கடைசி என்றால் அந்த நன்மை உங்களுக்குப் பயன்படாது. எஞ்சியிருப்பது விரைவில் எழுந்து நடமாடுவது, மூன்றாவது முறை வயிற்றைத் திறக்கும்போது ஒட்டுதல்களால் சிறுநீர்ப்பை, குடல் காயப்படும் அபாயத்தைத் தவிர்ப்பது, குழந்தைக்குத் தொடக்கத்தில் வரும் மூச்சுத் திணறல் சற்றுக் குறைவது ஆகியவை. வீட்டில் உதவிக்கு ஆள் இல்லாத உங்களுக்கு முதலாவது சிறிய விஷயம் அல்ல.

குடும்பக் கட்டுப்பாட்டுக்காக மட்டும் சிசேரியன் செய்துகொள்ளத் தேவையில்லை. சுகப்பிரசவமான ஓரிரு நாளில் தொப்புளுக்குக் கீழே சிறு கீறலில் அதைச் செய்யலாம். உங்கள் கணவர் விடுப்பில் வரும்போது செய்துகொள்ளும் ஆண்களுக்கான அறுவை அதைவிடவும் எளிது, ஆனால் நம் வீடுகளில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

இதையெல்லாம் விட முக்கியமானது, இப்போதைய ஸ்கேனில் நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்பது. அது முன்பக்கம், தழும்பின் மேல், கீழே தாழ்ந்து இருந்தால் இந்த விவாதமே இங்கே முடிந்துவிடும்.

கரிசல்மகள்:

நஞ்சுக்கொடி பின்புறம், மேலே என்று ஐந்தாம் மாத ஸ்கேனில் இருக்கிறது. தழும்பின் தடிமனை ஸ்கேனில் அளந்து சொல்வார்கள் என்று ஒருவர் சொன்னார். அதைக் கேட்டு எடுக்க வேண்டுமா?

மகப்பேறு மருத்துவர்:

எடுக்கலாம். ஆனால் இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு, கீழே இருந்தால் ஆபத்து என்று எல்லோரும் ஏற்ற ஒரு கோடு கிடையாது. மிக மெல்லியதாக இருப்பது எச்சரிக்கை தரலாம். தடிமனாக இருப்பது உத்தரவாதம் தராது. அந்த ஒரு எண்ணை வைத்து ஆம் என்றோ இல்லை என்றோ முடிவெடுப்பதை நான் ஏற்பதில்லை.

யாழ் மருத்துவமாது, லண்டன்:

வணக்கம் தங்கைச்சி. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், இங்கே நீண்ட காலமாக மருத்துவமாதாகப் பணிபுரிகிறேன். முன்பு சிசேரியன் ஆன தாய்மாரைக் கர்ப்ப காலத்திலேயே அழைத்து, இரண்டு வழிகளையும் விளக்கி, அவருடைய முடிவைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பது இங்கே வழக்கம். இரண்டு சிசேரியன் ஆனவர் என்றால் மூத்த மகப்பேற்று நிபுணர்தான் அந்த உரையாடலை நடத்துவார். திட்டமிட்ட சிசேரியன் என்று முடிவானால், வேறு காரணம் இல்லாதவிடத்து, முப்பத்தொன்பதாவது வாரத்துக்கு முன்பு செய்வதில்லை. பிள்ளையின் நுரையீரலுக்காகத்தான் அந்தப் பொறுமை.

முயல்வது என்று முடிவெடுத்தவர்களுக்கு நாங்கள் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன். நோவு தொடங்கி ஒழுங்காக வர ஆரம்பித்ததும் வைத்தியசாலைக்கு வந்துவிட வேண்டும், வீட்டில் காத்திருக்கக் கூடாது. அங்கே பிள்ளையின் இதயத் துடிப்பைச் சி.டி.ஜி. கருவியில் இடைவிடாது பதிய வேண்டும், ஏனென்றால் தழும்பு கிழியும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது பிள்ளையின் இதயத் துடிப்புத்தான். நோவு விட்டு விட்டு வருவதற்குப் பதிலாக இடைவெளியிலும் வயிறு விடாமல் வலிப்பது, இரத்தம் போவது, சிறுநீர் சிவப்பது, நன்றாக வந்துகொண்டிருந்த நோவு சட்டென்று நின்றுவிடுவது, கீழே இறங்கிய தலை மேலே போவது ஆகியவற்றில் எதையும் அலட்சியம் செய்யக் கூடாது. முதுகில் போடும் வலிநிவாரண ஊசியைத் தழும்பைக் காரணம் காட்டி மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஊசி வேலை செய்துகொண்டிருந்தும் திடீரென்று வலி கூடினால் உடனே பார்க்க வேண்டும்.

அறிவு, கோவை:

இவ்வளவு பயம் எதற்கு? எங்கள் பாட்டிமார் எல்லோரும் வீட்டில்தான் பெற்றார்கள். மருத்துவமனைக்குப் போனால் கத்தியை எடுத்துவிடுவார்கள். அனுபவமுள்ள ஒருவரை வைத்து வீட்டிலேயே இயற்கையாக முயலலாம்.

மன்ற நடத்துநர்:

கருப்பையில் தழும்புள்ள ஒருவருக்கு வீட்டுப் பிரசவத்தைப் பரிந்துரைக்கும் பதிவுகளை இந்த இழையில் அனுமதிக்க மாட்டோம். 2018இல் திருப்பூரில் ஒரு தாய், யூடியூப் காணொளியைப் பின்பற்றிய வீட்டுப் பிரசவத்தில் இரத்தப்போக்கால் உயிரிழந்தார். அறிவு அவர்கள் இந்தப் பேச்சைத் தொடர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

முல்லை:

முயன்று, முடியாமல், மறுபடியும் சிசேரியன் ஆனவள் என்ற முறையில் நானும் எழுதுகிறேன். எனக்கு முன்பு ஒன்றுதான். வலி தானாக வந்தது, எட்டு சென்டிமீட்டர் வரை திறந்தது, அதன் பிறகு தலை இறங்கவில்லை. அவசர அறுவை செய்தார்கள், தையலில் சீழ் பிடித்தது, காய்ச்சலோடு பல நாள் கிடந்தேன். முதலிலேயே தேதி குறித்துச் செய்திருந்தால் இத்தனை துன்பம் இருந்திருக்காது என்று வீட்டில் இன்றும் சொல்கிறார்கள், அது ஒருவேளை உண்மையாகவும் இருக்கலாம். முயற்சிக்குச் சம்மதிக்கும்போது, சுகப்பிரசவமா சிசேரியனா என்ற இரண்டுக்கும் நடுவே இப்படி மூன்றாவது முடிவு ஒன்று இருக்கிறது என்பதை யாரும் எனக்கு விளக்கவில்லை. உங்களுக்கு யாராவது விளக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

மகப்பேறு மருத்துவர்:

முல்லை சொன்னதுதான் இந்தக் கணக்கின் மையம். தாய்க்கு மிகக் குறைந்த தொல்லை தருவது வெற்றியடைந்த சுகப்பிரசவம். மிக அதிகத் தொல்லை தருவது முயன்று தோற்ற பிறகு செய்யும் அவசரச் சிசேரியன். திட்டமிட்ட சிசேரியன் இவற்றின் நடுவே நிற்கிறது. ஆகவே வெற்றி வாய்ப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்தே முயற்சி நியாயமாகிறது. வலியைச் செயற்கையாகத் தூண்டினால் தழும்பு கிழியும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு ஏறி, வெற்றி வாய்ப்பும் குறைகிறது என்பதால், இரண்டு தழும்பு உள்ளவருக்குத் தானாக வலி வந்தால் மட்டுமே முயற்சி என்று பல மருத்துவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

திருச்சிக்காரன்:

நீங்கள் எல்லோரும் எழுதியதைப் படித்தேன். என் தங்கைக்கு மாத்திரை வைக்கும் முன் யாராவது இதில் பாதியைச் சொல்லியிருந்தால் நாங்கள் வேறு இடத்துக்கு அழைத்துப் போயிருப்போம். இருந்தாலும் கேட்கிறேன்: நம் ஊர்களில் இரவு இரண்டு மணிக்கு அரங்கும் மயக்க மருத்துவரும் இரத்தமும் தயாராக இருக்கும் இடங்கள் எத்தனை?

ஓய்வுபெற்ற செவிலி, மதுரை:

தம்பி கேட்பது நியாயமான கேள்வி. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், சீமாங்க் என்று நாங்கள் அழைக்கும் அவசர மகப்பேறு மையங்கள் உள்ள அரசு மருத்துவமனைகளிலும் இருபத்துநான்கு மணி நேரமும் அறுவை செய்ய ஏற்பாடு உண்டு. ஒற்றை மருத்துவர் நடத்தும் மருத்துவமனையில், அவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், இரவெல்லாம் ஒரு பெண்ணின் அருகே இருந்து கவனிக்க ஆள் கிடையாது. அங்கே முடியாது என்று மறுக்கும் மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன். தன் இடத்தின் எல்லையை அறிந்தவர் அவர். ஆனால் இங்கே முடியாது என்பதை எங்குமே முடியாது என்று சொல்லி அனுப்புவதுதான் தவறு. பெரிய மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கலாம்.

கரிசல்மகள்:

எல்லோருக்கும் நன்றி. பழைய அறுவைக் குறிப்பு கிடைத்தது. கீறல் மேல்நோக்கி நீளவில்லை, சிறுநீர்ப்பை ஒட்டவில்லை. அதை எடுத்துக்கொண்டு ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்குப் போனேன். மூத்த மருத்துவர் நீண்ட நேரம் பேசினார்கள். தாள்களைப் பார்த்த பிறகு, முயற்சிக்கு இடம் உண்டு, ஆனால் சில நிபந்தனைகளோடு என்றார்கள்: ஏழரை மாதத்துக்கு மேல் மீண்டும் ஒரு ஸ்கேன், குழந்தை தலைகீழாக இருக்க வேண்டும், எடை மிகவும் கூடக் கூடாது, வலி தானாக வர வேண்டும், குறித்த தேதி வரை வராவிட்டால் சிசேரியன், வலி வந்தாலும் முன்னேற்றம் நின்றால் காத்திருக்காமல் சிசேரியன். இதற்கெல்லாம் சம்மதித்துக் கையெழுத்திடும்போது மாமியாரையும் உடன் அழைத்து வரச் சொன்னார்கள். எனக்கு இது பிடித்திருந்தது, ஏனென்றால் மாமியார் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மருத்துவரே பதில் சொல்லிவிட்டார்கள்.

எஞ்சியிருப்பது தூரம். எங்கள் ஊரிலிருந்து அந்த மருத்துவமனைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வலி வந்த பிறகு 108ஐ அழைத்தால் போதுமா?

ஓய்வுபெற்ற செவிலி, மதுரை:

போதாது. 108 வந்து சேரும் நேரம், வழியில் போகும் நேரம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். மேலும் அவர்கள் பக்கத்தில் உள்ள மருத்துவமனையில் இறக்கிவிடவும் கூடும், அங்கே உங்கள் வரலாறு யாருக்கும் தெரியாது. முப்பத்தேழாவது வாரம் முடிந்ததும் மருத்துவமனைக்கு அருகிலேயே உறவினர் வீட்டில் தங்கிவிடுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் முன்கூட்டியே வார்டில் சேர்த்துக்கொள்வார்களா என்று அடுத்த பரிசோதனையில் கேளுங்கள். தொலைவிலிருந்து வரும் தழும்புள்ள தாய்மாரை நாங்கள் அப்படிச் சேர்த்ததுண்டு. இரண்டு சம்மரிகளையும் அறுவைக் குறிப்பையும் நகல் எடுத்து ஒன்றை உங்கள் பையிலும் ஒன்றை மாமியாரிடமும் வையுங்கள். உங்கள் இரத்தப் பிரிவுள்ள உறவினர் இருவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். பெரிய பிள்ளைகள் இருவரையும் அந்த நாட்களில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் இந்த மாதமே முடிவு செய்துவிடுங்கள்.

கரிசல்மகள்:

பாளையங்கோட்டையில் சித்தி வீடு இருக்கிறது, அங்கே தங்கிக்கொள்ளலாம். பிள்ளைகளை அம்மா வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். நகல் எடுக்க நாளைக்குக் கோவில்பட்டி போகிறேன், அக்கா.